ராட்மிலோவிக்: 1920 இறுதி ஆட்டத்தில் என்ன நடந்தது?

கேணிக்கட்டு:
நீச்சல் பழக வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கிழமை பால் ராட்மிலோவிக்கின் கதையைச் சொல்லப் போகிறேன். 1886இல் கார்டிஃபில் பிறந்தவர், தகப்பன் குரோவேசியப் பக்கம், ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக நான்கு தங்கம், அதில் மூன்று வாட்டர் போலோவில், அதாவது நீந்திக்கொண்டே பந்தை எதிரணியின் கோலுக்குள் எறியும் ஆட்டத்தில். எங்கட பிள்ளைகள் கீரிமலைக் கேணியில் பந்து எறிந்து விளையாடுவார்கள், அவ்வளவுதான், இந்த ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. 1920 ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் சனம் அடிக்க வந்தது என்கிறார்களே, உண்மையா?

சுண்டிக்குளியான்:
உண்மைதான் தம்பி. அன்ட்வெர்ப்பில் நடந்தது, எதிரணி பெல்ஜியம், பார்க்க வந்ததும் அந்த ஊர்ச் சனம். 2-2 என்று இழுபட்டுக்கொண்டிருந்த ஆட்டத்தில் முடிய மூன்று நிமிடம் இருக்க ராட்மிலோவிக் கோல் போட்டுவிட்டார். ஆட்டம் முடிந்ததும் சனம் பிரிட்டன் வீரர்கள் மேல் பாய, ஆயுதக் காவலோடுதான் அவர்களை வெளியே கொண்டுபோனார்கள். அப்போது அவருக்கு வயது 34. 1916 ஒலிம்பிக்கைப் போர் விழுங்காமல் இருந்திருந்தால் இன்னொரு பதக்கமும் கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

நீர்ப்பந்து:
அந்தக் காலத்து விதியையும் சொல்லுங்கோ. நடுவர் விசில் ஊதினால் பந்து திரும்ப ஆட்டத்துக்கு வரும்வரை எல்லாரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், அசையக்கூடாது. 1949 வரை இதுதான் விதி. அதனால் விசிலுக்கு முன்னமே நல்ல இடத்தைப் பிடித்து வைப்பவன்தான் கெட்டிக்காரன். அப்புறம் 1908ஐ விட்டுவிடாதீர்கள்: லண்டனில் வாட்டர் போலோ தங்கம் வென்றவரைக் கடைசி நேரத்தில் 4x200 மீட்டர் தொடர் நீச்சலுக்கும் சேர்த்தார்கள், அதிலும் தங்கம்!

வல்வையான்:
கோலும் சண்டையும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சரி. ஆனால் நான் சொல்வதென்றால் அவர் எவ்வளவு காலம் தாக்குப்பிடித்தார் என்பதில்தான் தொடங்குவேன். 1908, 1912, 1920, 1924, 1928 என்று ஐந்து ஒலிம்பிக், கடைசியில் வயது 42. இங்கிலாந்தின் நெடுந்தூர நீச்சல் பட்டத்தை 1907இல் எடுத்தவர் 1925இலும் 1926இலும் திரும்ப எடுத்தார். 1954இல் பாக்கு நீரிணையைக் கடந்த நவரத்தினசாமியையும், 1971இல் போய்த் திரும்பிய ஆனந்தனையும் தெரிந்த பிள்ளைகளுக்கு இதன் அருமை உடனே விளங்கும்.

கேணிக்கட்டு:
நல்லது அண்ணை, அங்கேயே தொடங்குகிறேன். பிற்காலத்தில் என்ன செய்தார்?

சுண்டிக்குளியான்:
வெஸ்டன்-சூப்பர்-மேரில் ஒரு ஹோட்டல் நடத்தினார். 1967இல் சர்வதேச நீச்சல் புகழ் மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அடுத்த வருடமே காலமாகிவிட்டார். நான்கு தங்கம் என்ற அவரது கணக்கைத் தாண்டி எந்தப் பிரிட்டிஷ்காரரும் 2000 வரை போகவில்லை, அந்த வருடம் துடுப்புப் படகு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவ் ஐந்தாவதை எடுத்தார்.