வாட்டர்லைனில் மை: கண்ணீர் கழுவிவிடுமா?

செழியன்:
நேற்று வேறொரு இழையில் மேகலா எழுதியிருந்தார்: "வாட்டர்லைனில் ஐலைனர் போட்டால் ஒன்றும் ஆகாது, கண்ணீர் கழுவிவிடும்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. வாட்டர்லைன் என்றால் இமை விளிம்பு. இமை விளிம்பில், மயிர் வரிசைக்குச் சற்று உள்ளே, மைபோமியன் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாக இருக்கின்றன. மேல் இமையில் மட்டும் 25 முதல் 40 வரை. அதில் சுரக்கும் எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கிறது. அதன் மேலேயே மெழுகுப் பென்சிலை இழுத்தால் வாய் அடைபடாதா? அடைபட்ட வாயைக் கண்ணீர் எப்படிக் கழுவும்?

மேகலா:
15 வருஷமாக மணப்பெண் ஒப்பனை செய்கிறேன். ஒருவருக்கும் கண் போகவில்லை. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வு 2015இல் வந்ததே, படித்தீர்களா? இரண்டு மணி நேரத்தில் கண்ணில் மைத் துகள் அநேகமாக மிச்சமில்லை. கழுவிவிட்டது சார், கழுவிவிட்டது.

செழியன்:
அதே ஆய்வின் முதல் பாதியை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? மயிருக்கு உள்பக்கம் போட்டபோது, வெளிப்பக்கம் போட்டதைவிட ஐந்து நிமிஷத்துக்குள் 15 முதல் 30 சதவீதம் கூடுதல் துகள் கண்ணீர்ப் படலத்துக்குள் போனது. அப்புறம், அவர்கள் பார்த்தது மிதக்கும் துகளை. நான் கேட்பது சுரப்பி வாயை.

வானதி:
முதலில் வாட்டர்லைன் என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? ஈரமான உள்விளிம்பையா, மயிர்க்காலை ஒட்டிய இடத்தையா? நான் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவள். உள்ளே மை தீட்டிய நாளில் லென்ஸைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தால் ஓரத்தில் கறுப்பாக அரைவட்டம் தெரியும்.

கதிர்:
மையை விடுங்கள். முகத்தில் ஜெல் நிரப்பும் ஃபில்லர் ஊசியால் பார்வையே போகிறது. புருவ நடுவிலும் மூக்கிலும் ஓடும் ரத்தக்குழாய்கள் கண் தமனியோடு இணைந்தவை. ஜெல் தவறிக் குழாய்க்குள் போய், பின்னோக்கி ஓடி விழித்திரைத் தமனியை அடைத்தால் அவ்வளவுதான்.

மேகலா:
ஃபில்லர் டாக்டர் போடுவது. அதை என் தொழிலோடு முடிச்சுப் போடாதீர்கள், கதிர். போன மாதம் மஸ்காரா இழையிலும் இப்படித்தான் நடுவில் புகுந்தீர்கள்.

கதிர்:
திறந்த மஸ்காராவை மூன்று மாதத்தில் தூக்கிப் போடுங்கள், கிருமி சேரும் என்றேன். ஒரே குச்சி எத்தனை பேர் கண்ணில் படுகிறது என்றும் கேட்டேன். பதிலே இல்லை.

மேகலா:
ஆளுக்கொரு குச்சி, உடனே குப்பையில். அப்போதே சொன்னேன். நீங்கள் படிக்காததற்கு நான் பொறுப்பா?

செழியன்:
குச்சியை விடுங்கள், சுரப்பி வாய்க்கு வாருங்கள். என் தங்கைக்கு மாதக்கணக்கில் கண் எரிச்சல். டாக்டர் அவள் இமையை அழுத்தியபோது பக்கத்தில் நின்றேன். தெளிந்த எண்ணெய் வர வேண்டிய இடத்தில் பற்பசை மாதிரி வெள்ளையாகக் கெட்டியாக வந்தது. தினமும் உள்விளிம்பில் மை போட்டவள் அவள்.

மேகலா:
மையால்தான் வந்தது என்று டாக்டர் சொன்னாரா?

செழியன்:
மையை நிறுத்து, வெதுவெதுப்பாக ஒத்தடம் கொடு என்றார்.

மேகலா:
நிறுத்தச் சொன்னது வேறு, அதனால் வந்தது என்பது வேறு. வயசானால் வரும், திரையையே பார்த்துக்கொண்டிருந்தாலும் வரும். ஒரு தங்கையை வைத்து என் 15 வருஷத்தை அழிக்கப் பார்க்காதீர்கள்.

வானதி:
நான் கேட்டதற்கு யாராவது பதில் சொல்லுங்களேன்.

கதிர்:
ஆளுக்கொரு குச்சி என்று எங்கே சொன்னீர்கள், மேகலா? அந்தப் பதிவைக் காட்டுங்கள்.

செழியன்:
அடைபட்ட வாயைக் கண்ணீர் எப்படிக் கழுவும்? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.