சத்துவாச்சாரியில் வீட்டுக்குப் பின்னால் தனி போர்ஷன்: ஷெட் என்று சொல்லிக் கட்டலாமா?

கேள்வி:
வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் 30க்கு 60 அடி மனை. முன்னால் 5 அடி விட்டு, 26 அடி அகலம், 30 அடி நீளத்தில் தரைத்தள வீடு இருக்கிறது. ஒரு பக்கம் நாலடி சந்து. பின்னால் 25 அடி காலி. அங்கே 300 சதுர அடியில் ஒரு ரூம், கிச்சன், பாத்ரூமோடு தனி போர்ஷன் கட்ட வேண்டும். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று எண்ணம். "ஷெட்டுன்னு சொல்லிக் கட்டிடலாம், பிளான் எதுக்கு" என்கிறார் மேஸ்திரி. சரியா?

பிளான் வரைபவர்:
சரியில்லை சார். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், 2019ல் செட்பேக்கில் (மனை எல்லைக்கும் கட்டிடத்துக்கும் நடுவே விட வேண்டிய காலி இடம்) அனுமதித்திருப்பது மோட்டார் ரூம் (2 சதுர மீட்டர், 1.8 மீட்டர் உயரத்துக்குள்), மீட்டர் பெட்டி, காம்பவுண்டு சுவர் மாதிரி சில்லறைக் கட்டுமானங்கள்தான். அடுப்பும் கக்கூஸும் வந்தால் அது குடியிருப்பு, அதே மனையில் இன்னொரு கட்டிடம்.

உங்களுக்கு எப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, இடிக்காது. 2.0 வீதம் 1,800 சதுர அடி மனைக்கு 3,600 வரை போகலாம். வீடு 780, போர்ஷன் 300, மொத்தமே 1,080தான். இடிப்பது செட்பேக். ரோடு அகலம், மனை அகலம், கட்டிட உயரம் மூன்றையும் வைத்துத்தான் அது முடிவாகும். பின் மதிலை ஒட்டியே சுவர் எழுப்பிவிட்டு அப்புறம் பிளான் போட வந்தால், வரைபவர் ஒன்றும் செய்ய முடியாது.

பழைய வீட்டுக்கு பிளான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புது வரைபடத்தில் இரண்டு கட்டிடமும் வர வேண்டும். பத்திரம், பட்டா, எப்எம்பி (புல அளவு வரைபடம்), மனை அங்கீகார உத்தரவு நான்கிலும் அளவு ஒத்துப்போக வேண்டும். பட்டாவில் அரை அடி குறைந்தாலும் அங்கேயே நிற்கும். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை (நீங்களே உறுதி கொடுத்து ஆன்லைனில் அனுமதி வாங்குவது) 2,500 சதுர அடி மனை, 3,500 சதுர அடி கட்டிடம், தரைத்தளமும் முதல் தளமும் வரைதான். ஏற்கெனவே வீடு நிற்கும் மனை என்பதால், அது உங்களுக்குப் பொருந்துமா என்று பதிவு பெற்ற பொறியாளரிடம் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

சைட் இன்ஜினியர்:
அனுமதியை விடத் தண்ணீர் போக்குதான் உங்களைப் படுத்தும். பின் மூலையிலிருந்து ரோடு வரை 50 அடிக்கு மேல் குழாய் ஓடும். 4 அங்குலக் குழாய்க்கு 40க்கு 1 சரிவு வைத்தால் 15 அங்குலம் இறங்க வேண்டும். ரோட்டை மேல் மேலே போட்டு உயர்த்திய தெருவில் அந்த இறக்கமே கிடைக்காது. பேஸ்மென்ட் மட்டத்தை முடிவு செய்யும் முன் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்து ரோட்டுச் சேம்பரின், அதாவது கழிவுநீர்த் தொட்டியின், அடிமட்டத்தைப் பாருங்கள். திருப்பத்துக்குத் திருப்பம் சேம்பர் வையுங்கள். சந்தில் எல்போ போட்டுப் புதைத்தால் அடைப்பு எடுக்க டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும்.

ரூம் அளவு: தேசியக் கட்டிட விதித்தொகுப்புப்படி குறைந்தது ரூம் 9.5 சதுர மீட்டர், அகலம் 2.4 மீட்டர், கிச்சன் 5 சதுர மீட்டர், அகலம் 1.8 மீட்டர், குளியலும் கழிப்பறையும் சேர்த்து 2.8 சதுர மீட்டர், ரூம் உயரம் 2.75 மீட்டர். மொத்தம் 186 சதுர அடிதான் ஆகும், 300ல் தாராளமாக அடங்கும். சுவரை விட்டு மிச்சத்தை ஜன்னலுக்கும் காற்றுக்கும் கொடுங்கள். வேலூர் வெயிலுக்குத் தகர ஷீட் வேண்டவே வேண்டாம்.

நோயாளிகள் வருவார்கள் என்றால் வாசல்படியே போடாதீர்கள். 12க்கு 1 சரிவுப் பாதை, 3 அடி கதவு. சந்து நாலடி இருப்பது நல்லது, அதில் வாஷிங் மெஷினோ வண்டியோ நிறுத்தி அடைக்காதீர்கள். சக்கர நாற்காலி போகாது.

பிளான் வரைபவர்:
இன்னும் ஒன்று. தனி ஈபி சர்வீஸ் (மின் இணைப்பு) கேட்டால் இரண்டு பகுதியும் நிரந்தரமாகப் பிரிந்திருக்க வேண்டும், இடையில் பொதுக் கதவு கூடாது. ஒரே மீட்டரில் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டிய உடனே மொத்த பில்லும் ஏறும். நாள் வாடகை வேண்டாம், அது லாட்ஜ் கணக்கில் போகும். மாத வாடகையாகவே எழுதுங்கள்.

விதியைத் திருத்துகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும். தரைத்தளம் மட்டும், நாலடி வழி, முறையான கழிவுநீர் இணைப்பு இருந்தால் சின்ன பின்கட்டுக்குத் தனி அட்டவணை கொடுக்கலாம். அது இல்லாததால்தான் ஷெட் என்ற பெயரில் ஜன்னலில்லாத அறைகள் முளைக்கின்றன. அதில் தங்குவது ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள்.

கேட்டவர்:
நன்றி சார். நாளைக்கே எப்எம்பி எடுத்துவிட்டு, டியூப் லெவல் பிடித்து அளவைப் போடுகிறேன்.