கையெழுத்துப் போடும் முன்

குழு: பாட்டி வீட்டுப் பிள்ளைகள்
சனிக்கிழமை

நான், காலை 8:05
ஆஸ்டினில் வீடு கிடைத்துவிட்டது! இரண்டு படுக்கையறை, பல்கலைக்கழகத்துக்குப் பேருந்தில் பதினைந்து நிமிடம். கூடத் தங்கப் போகிறவன் டெக்சாஸிலேயே பிறந்து வளர்ந்தவன், இயந்திரவியல் படிக்கிறான். நேற்று இரவு வீடியோவில் பேசினோம், நல்ல பையன். வந்த முதல் வாரமே சுடும் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போகிறேன், என்னிடமே கைத்துப்பாக்கி இருக்கிறது என்றான் 😀

அம்மா, 8:09
என்ன இருக்கிறது?

அம்மா, 8:09
வீட்டிலா வைத்திருக்கிறான்?

நான், 8:11
அங்கே அது சாதாரணம்மா. பயப்படாதீர்கள்.

அம்மா, 8:14
எனக்குச் சாதாரணம் இல்லை. செந்தூல் பாசாரில் நிற்கிறேன், கையில் எடுத்த மீனைத் திருப்பி வைத்துவிட்டேன். 2024இல் கேஎல்ஐஏ விமான நிலையத்தில் ஒருவன் சுட்டதற்கு எத்தனை நாள் இதே குழுவில் பேசினோம்? ஹூஸ்டன் மகளே, விழித்திருக்கிறாயா?

ஹூஸ்டன் அக்கா, 8:31
விழித்துத்தான் இருக்கிறேன் சித்தி, இங்கே இன்னும் வெள்ளிக்கிழமை மாலை. தம்பி, ஒன்றை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள். அந்தப் பையன் துப்பாக்கி வைத்திருக்கலாம். நீ அதைக் கையில் எடுக்கக் கூடாது. அவனுக்குப் பொருந்துகிற சட்டம் உனக்குப் பொருந்தாது.

நான், 8:33
கையில் எடுக்கவே கூடாதா? டெக்சாஸில் லைசென்ஸ்கூடத் தேவையில்லை என்றானே.

ஹூஸ்டன் அக்கா, 8:40
அவனுக்குத் தேவையில்லை, சரி. 2021 செப்டம்பர் 1 முதல் இங்கே, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். வெளியே தெரியும்படி வைத்தால் உறையில் இருக்க வேண்டும். ஆனால் அது மாநிலச் சட்டம். நீ வரப்போவது எஃப்-1 மாணவர் விசாவில். அந்த மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது நாடு முழுவதற்குமான மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். 15 ஆண்டு வரை சிறை. அதற்குப் பிறகு நாட்டை விட்டும் அனுப்பலாம். மேற்படிப்பு அதோடு முடிந்தது.

ஹூஸ்டன் அக்கா, 8:42
விலக்கு இருக்கிறது. முக்கியமானது, மாநிலம் தருகிற வேட்டை உரிமம் செல்லுபடியாகும் நிலையில் கையில் இருப்பது. பயிற்சிக் கூடத்துக்குப் போக ஆசைப்படும் வெளிநாட்டவர் சிலர் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். அது இல்லாமல் "சும்மா ஒரு தடவை பிடித்துப் பார்" என்று அவன் நீட்டுவதை வாங்கிவிடாதே. அவன் அன்பாகத்தான் நீட்டுவான். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மாமா, 8:50
அவள் சொல்வதைக் கேளடா. இருபத்தெட்டு வருடம் இடுப்பில் துப்பாக்கியோடு வேலை பார்த்தவன் நான். வேலைக்குப் போகும்போது கையெழுத்துப் போட்டு வாங்குவோம், தோட்டாக்களை எண்ணி வாங்குவோம், முடிந்ததும் எண்ணிக் கொடுப்போம். ஒன்று குறைந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. போலீஸ்காரனுக்கே அப்படி என்றால் பொதுமக்களுக்கு நம் மலேசியாவில் எப்படி என்று யோசித்துப் பார். 1960 ஆயுதச் சட்டப்படி மாநிலப் போலீஸ் தலைவர் உரிமம் கொடுத்தால்தான் உண்டு. அனுமதி இல்லாமல் வைத்திருந்து, துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய 1971 சட்டத்தில் மாட்டினால் 14 வருடம் வரை சிறை, ஆறுக்குக் குறையாத ரோத்தான் அடி, அதாவது பிரம்படி.

அம்மா, 8:52
அண்ணா, நம் நாட்டை விடுங்கள். அங்கே என் பிள்ளை கடைக்குப் போனால் பக்கத்தில் நிற்பவன் இடுப்பில் இருக்குமா? அதைச் சொல்லுங்கள் யாராவது.

ஹூஸ்டன் அக்கா, 9:03
இருக்கலாம் சித்தி. உங்களிடம் மறைத்துப் பேச மாட்டேன். பதினொரு வருடத்தில் வெளிப்படையாக மாட்டிக்கொண்டு போனவர்களைக் கை விரல்களுக்குள் எண்ணிவிடுவேன். சட்டைக்குள் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று நமக்கு எப்படித் தெரியும்? காரில் இன்னும் அதிகம். வெளியே தெரியாமல் காரில் வைத்துக்கொள்ள 2007 முதலே இங்கே லைசென்ஸ் வேண்டாம். அதனால் சாலையில் யாரோடும் சண்டைக்குப் போகாதே தம்பி. ஹாரன் அடித்துத் திட்டுகிற பழக்கத்தைக் கோலாலம்பூரிலேயே விட்டுவிட்டு வா.

ஹூஸ்டன் அக்கா, 9:11
எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம் என்றும் இல்லை. பள்ளிக்கூடம், நீதிமன்றம், வாக்களிப்பு நடக்கும் இடம், குதிரைப் பந்தயத் திடல், விமான நிலையத்தில் சோதனை தாண்டிய பகுதி, இங்கெல்லாம் சட்டமே தடுக்கிறது. மதுக்கடைகளில் சிவப்பில் பெரிதாக 51% என்று எழுதியிருக்கும். வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கிற மதுவில் வருகிறது, இங்கே துப்பாக்கி கூடாது என்று அர்த்தம். மற்றக் கடைக்காரர்கள் தாங்களே தடுக்கலாம், ஆனால் அதற்கும் சட்டம் சொன்ன வாசகத்தில் பலகை வைக்க வேண்டும். 30.06 (அது சட்டப் பிரிவின் எண்) பலகை என்றால் லைசென்ஸ்காரர் மறைத்துக் கொண்டு வருவதற்குத் தடை, 30.07 என்றால் வெளிப்படையாகக் கொண்டு வருவதற்கு. எழுத்து ஓர் அங்குலமாவது உயரம் இருக்க வேண்டும், ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் வேண்டும். வந்த புதிதில் கடைவாசலில் நின்று அவற்றைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். எந்தக் கடையில் இருக்கிறது என்று இன்றைக்கும் மனப்பாடமாகத் தெரியும்.

நான், 9:14
பல்கலைக்கழகத்துக்குள்?

ஹூஸ்டன் அக்கா, 9:22
அங்கே லைசென்ஸ் வேண்டும், மறைத்துத்தான் வைக்க வேண்டும். 2016 ஆகஸ்ட் 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் அப்படி அனுமதி. எந்தெந்தக் கட்டடத்தில் கூடாது என்று பல்கலைக்கழகம் ஓரளவு விதி போடலாம், அந்தப் பட்டியலை அதன் இணையதளத்திலேயே படித்துவிடு. நீ படிக்கப் போகும் அதே வளாகத்தில் 1966 ஆகஸ்ட் 1 அன்று கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் மக்களைச் சுட்டான். சரியாக 50 வருடம் கழித்து அதே தேதியில் இந்தச் சட்டம் நடப்புக்கு வந்தது. அந்தக் கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

மாமா, 9:25
அமெரிக்கா முழுக்க இப்படித்தானா?

ஹூஸ்டன் அக்கா, 9:30
மாநிலத்துக்கு மாநிலம் மாறும் மாமா. நியூயார்க்கில் நூறு வருடத்துக்கு மேலாக, தனக்கு விசேஷமான தேவை இருக்கிறது என்று காட்டினால்தான் வெளியே கொண்டு போக லைசென்ஸ். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. வீட்டுக்குள் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இலேயே சொல்லியிருந்தார்கள், 2022இல் அது வீட்டு வாசலைத் தாண்டிவிட்டது.

நான், 9:34
சரி அக்கா, பயிற்சிக் கூடத்துக்குப் போகவில்லை. பிரச்சினை முடிந்ததா?

ஹூஸ்டன் அக்கா, 9:41
முடியவில்லை. அதை எங்கே வைக்கிறான் என்று கேட்டாயா? வரவேற்பறை மேசை இழுப்பறையில், நீயும் திறக்கக்கூடிய இடத்தில் இருந்தால், அது உன் வசமும் இருந்தது என்று ஒரு வழக்கறிஞர் வாதாட முடியும். கையில் பிடித்திருந்தால்தான் வசம் என்று இங்கே சட்டம் பார்ப்பதில்லை. இருப்பது தெரியும், எடுக்கவும் முடியும் என்றால் கேள்வி உன் பக்கமும் வரும். வீட்டுக்காரரிடம் சொல்லித் தடுக்கலாம் என்றும் நினைக்காதே. வாடகைக்கு இருப்பவர் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை ஒப்பந்தம் போட்டுத் தடுக்கக் கூடாது என்று 2019இலேயே டெக்சாஸில் சட்டம் வந்துவிட்டது.

அம்மா, 9:43
வேறு வீடு பார்.

அம்மா, 9:43
நான் சொல்வது புரிகிறதா? வேறு வீடு.

நான், 9:46
அம்மா, இந்த வாடகைக்கு வேறு கிடைக்காது. பார்க்காத இடம் இல்லை.

ஹூஸ்டன் அக்கா, 9:55
சித்தி, என் மகன் நண்பன் வீட்டுக்கு விளையாடப் போகும் முன் அந்த அம்மாவிடம் நானே கேட்பேன்: வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா, தோட்டா தனியாக இருக்கிறதா? முதல் தடவை கேட்டபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர்கள் கோபப்படவே இல்லை, கூட்டிப்போய்ப் பெட்டியைக் காட்டினார்கள். எனக்கு இந்த ஊர் பழக்கம் பிடிக்கவில்லை, என் வீட்டுக்குள் அது வராது. ஆனால் கேட்கக் கூச்சப்பட்டால் நம் பிள்ளைக்குத்தான் ஆபத்து. தம்பி, நீயும் இப்போதே கேள்.

அம்மா, 10:02
பாட்டி வாய்ஸ் நோட் போடச் சொன்னார்கள், தொண்டை கட்டியிருக்கிறது. சொன்னதை நானே எழுதுகிறேன்: "உன் தாத்தா எஸ்டேட்டில் ரேலா தொண்டர் படையில் இருந்தபோது அவருக்கு ஒரு நீளத் துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். தோட்டாவை மீலோ டின்னில் போட்டுப் பரண்மேல் வைப்பார், படுக்கப் போகும் முன் ஏணி வைத்து ஏறி எண்ணுவார். உன் அம்மா ஒரு நாள் அந்த டின்னை எடுத்துக் கூழாங்கல் போட்டு விளையாடினாள். அன்றைக்கு அவர் அழுதார். நான் பார்த்து அவர் அழுதது அந்த ஒரு நாள்தான்."

மாமா, 10:04
எனக்கு இது தெரியாது. அப்பா அழுதாரா?

அம்மா, 10:05
எனக்கே நினைவில்லை அண்ணா. நான்கு வயது இருக்கும் என்கிறார்கள்.

நான், 10:20
அவனுக்கு எழுதிவிட்டேன். என் விசாவில் தொடக் கூடாது, எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

மாமா, 10:24
நல்லது. இன்னொன்று, லீவுக்கு வரும்போது யாராவது ஒரு தோட்டாவை ஞாபகப் பொருளாகக் கொடுத்தால் வாங்காதே. சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். உயிருள்ள தோட்டா ஒன்றே ஒன்று பையில் இருந்தாலும் இங்கே ஆயுதச் சட்டம்தான்.

நான், 11:10
பதில் வந்துவிட்டது. படுக்கைக்குப் பக்கத்து இழுப்பறையில் வைத்திருந்தானாம், பூட்டு இல்லை. மாணவர் விசாவுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே அவனுக்குத் தெரியாதாம், மன்னிப்புக் கேட்டான். எண் போட்டுத் திறக்கும் இரும்புப் பெட்டி வாங்கித் தன் அறை அலமாரியில் வைக்கிறானாம். எண் அவனுக்கு மட்டும்தான் தெரியும், அறைக் கதவையும் பூட்டுவானாம்.

ஹூஸ்டன் அக்கா, 11:16
நல்ல பையன்தான். இருந்தாலும் திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுது. இந்த ஏற்பாடு போதுமா என்று எழுத்திலேயே பதில் வாங்கு. நான் வழக்கறிஞர் இல்லை.

அம்மா, 11:18
ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாயா?

நான், 11:19
இன்னும் இல்லைம்மா. செவ்வாய்க்கிழமை வரை நேரம் கேட்டிருக்கிறேன்.

அம்மா, 11:21
அந்தப் பதிலை எனக்கு வாசித்துக் காட்டிய பிறகு போடு.