உறைவிடப் பள்ளி நாவல்கள், பெரியவர்களுக்கானவை: பரிந்துரை தேவை

வணக்கம் நண்பர்களே. வாசிப்பு வட்டத்துக்கான ஆறு நாவல்களில் மூன்று முடிவாகிவிட்டன. மீதி மூன்றுக்கு உங்கள் உதவி வேண்டும்.

முடிவானவற்றில் ராபர்ட் மூசிலின் ‘இளம் டோர்லெஸ்’ (1906) ராணுவ உறைவிடப் பள்ளிக் கதை. பணம் திருடி மாட்டிக்கொண்டவனைச் சகமாணவர்கள் காட்டிக்கொடுக்காமல் வதைக்கிறார்கள். அகதா கிறிஸ்டியின் ‘கேட் அமங் தி பிஜன்ஸ்’ (1959) ஆசிரியைகள் பக்கம் நிற்கிறது. துப்பறிவதைவிட ஊழியர் அறைப் பூசல்தான் அதில் ருசி. மூன்றாவது, அன்டோனியா வைட்டின் ‘ஃப்ராஸ்ட் இன் மே’ (1933), கன்னியர் மடப் பள்ளி. அங்கே சிறுமிகள் மல்லாந்து, கைகளை மார்பில் குறுக்காக வைத்துத்தான் தூங்க வேண்டும். இரவில் ஆண்டவர் அழைத்தால் தயாராக இருக்க வேண்டுமே! இந்த ஒரு விதியிலேயே பள்ளி முழுவதும் தெரிந்துவிடுகிறது. இப்படிப்பட்ட நுணுக்கம்தான் தேடுகிறோம்.

தயவுசெய்து எனிட் பிளைட்டனின் சிறுவர் பள்ளிக் கதைகள் வேண்டாம். அருமையான எழுத்துதான், ஆனால் அங்கே பள்ளிப் பருவம் (டெர்ம்) முடிவதற்குள் எல்லாம் சரியாகிவிடும். கல்லூரி நாவல்களும் வேண்டாம். கேட்டைத் தாண்டிப் போக முடிகிற இடத்தில் அந்த இறுக்கம் வராது.

வார்டன், சமையல்காரர், மாணவர்களின் உடல்நலம் பார்க்கும் மேட்ரன் பார்வையில் சொல்லப்பட்டதென்றால் முதலிடம். இங்கிலாந்துக்கு வெளியே நடந்தால் இன்னும் நல்லது. 300 பக்கத்துக்குள் இருக்கட்டும். ஆண்டு, கதைசொல்லி யார், தமிழில் வந்திருக்கிறதா, இந்த மூன்றையும் குறிப்பிடுங்கள். கொடுமைக் காட்சிகள் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.