சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் தொடக்க வகுப்பில் ஒரு நாளின் கற்றல் செயல்களை எவ்வாறு அமைப்பது?

கேள்வி: சிறப்பு வகுப்பாசிரியை

அனைவருக்கும் வணக்கம். ஆறு முதல் பத்து வயது வரையுள்ள எட்டுக் குழந்தைகள் பயிலும் ஒரு சிறப்பு வகுப்பை அண்மையில் ஏற்றிருக்கிறேன். மூவருக்கு ஆட்டிசம், இருவருக்கு டவுன் சிண்ட்ரோம், ஒருவருக்கு மூளை முடக்குவாதம். மற்ற இருவருக்கும் கற்றல் மிக மெதுவாக நடக்கிறது. காரணம் இன்னும் தெளிவாகக் கண்டறியப்படவில்லை. நால்வர் வாய்திறந்து பேசுவது மிகக் குறைவு. எனக்கு இரண்டு உதவியாளர்கள் இருக்கிறார்கள்.

காலை வட்டம் (அனைவரும் வட்டமாக அமர்ந்து நாளைத் தொடங்கும் நேரம்), எழுத்து, எண், கைவேலை, அன்றாட வாழ்க்கைத் திறன் என்று நாளைப் பிரித்திருக்கிறேன். ஆனால் ஒரு செயலை முடித்து அடுத்ததற்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு குழந்தை அழுகிறது, அல்லது தரையில் படுத்துக்கொண்டு நகர மறுக்கிறது. அதைவிட என் மனத்தை உறுத்துவது வேறொன்று. நாள் முடிவில் ஒவ்வொரு குழந்தையின் கோப்பிலும் வண்ணம் தீட்டிய தாளோ ஒட்டிய படமோ சேர்கிறது. அதைச் செய்யும் நேரத்தில் குழந்தையின் கை உதவியாளரின் கைக்குள்தான் இருக்கிறது. குழந்தை எதைக் கற்றது என்று யாரேனும் கேட்டால் எனக்கு விடை தெரியாது.

எந்தச் செயல்களை அன்றாடம் வைத்திருக்க வேண்டும், எவற்றை விட்டுவிடலாம், நாங்கள் தரும் உதவியை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: தொடக்கநிலைச் சிறப்பாசிரியர்

வணக்கம் அம்மா. உங்களை உறுத்தும் அந்தக் கடைசிச் செய்தியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவை எல்லாம் அதையொட்டியே அமைகின்றன. ஒரு செயலை நாளின் திட்டத்தில் சேர்ப்பதற்கு முன், இதைக் குழந்தை யாருடைய கையும் படாமல் செய்யும் காலம் வருமா, வந்தால் அது அதன் வாழ்வில் பயன்படுமா என்ற இரண்டையும் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இல்லை என்பதே விடையானால், கோப்பு எவ்வளவு அழகாக நிரம்பினாலும் அந்தச் செயலை நீக்கிவிடலாம். தாளில் கோட்டுக்குள் வண்ணம் தீட்டுவது பெரும்பாலும் இந்தச் சோதனையில் தேறுவதில்லை. தன் பையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டுவதும், தன் பெயர் எழுதிய அட்டையை மற்ற அட்டைகளிலிருந்து எடுப்பதும், நான்கு பேருக்கு நான்கு தட்டுகளை எண்ணி வைப்பதும் தேறுகின்றன.

செயல் மாறும்போது வரும் அழுகைக்குப் பிடிவாதம் காரணமல்ல. நடந்துகொண்டிருப்பது எப்போது முடியும், அதன்பின் என்ன வரும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரிவதில்லை. 1972ஆம் ஆண்டில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்லர் தலைமையில் நிறுவப்பட்ட ‘டீச்’ திட்டம் இதைத்தான் தன் பணிமுறையின் அடித்தளமாகக் கொண்டது. என்ன வேலை, எவ்வளவு வேலை, எப்போது முடியும், முடிந்தபின் என்ன என்ற நான்கு கேள்விகளுக்கும் பேச்சின்றியே, பார்த்த அளவில் விடை கிடைக்கும்படி மேசையை அமைக்க வேண்டும். இடப்பக்கத்தில் மூன்று தட்டுகள் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு வேலை இருக்கட்டும். முடித்ததை வலப்பக்கத்துப் பெட்டியில் போட வேண்டும். மூன்றும் பெட்டிக்குப் போனபின் குழந்தைக்குப் பிடித்த செயலின் படம் காத்திருக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக உருவான ஏற்பாடு என்றாலும், உங்கள் வகுப்பின் எட்டுப் பேருக்கும் இது பொருந்தும்.

நாளின் அட்டவணையையும் குழந்தையின் புரிதலுக்கேற்ப அமைக்க வேண்டும். படமே ஒரு பொருளைக் குறிக்கிறது என்று இன்னும் அறியாத குழந்தைக்குக் கோட்டுச் சித்திரங்களைச் சுவரில் ஒட்டிப் பயனில்லை. அதற்கு உண்மையான பொருளே அட்டவணை: உணவு நேரத்திற்கு ஒரு கரண்டி, விளையாட்டிற்கு ஒரு பந்து, கைகழுவுவதற்கு ஒரு துண்டு. அடுத்த நிலையில் நிழற்படமும், பிறகு கோட்டுச் சித்திரமும், அதன்பின் எழுதிய சொல்லும் வரலாம். அட்டையை நகர்த்துவது குழந்தையின் கையாக இருக்க வேண்டும். ஆசிரியர் நகர்த்திக் காட்டும் அட்டவணை சுவர் அலங்காரமாகவே நின்றுவிடும். மிகவும் பிடித்த விளையாட்டிற்கு அடுத்து மிகவும் கடினமான பாடத்தை வைக்காதீர்கள். இடையில் தண்ணீர் குடிப்பது, நாற்காலிகளைச் சுமந்து அடுக்குவது போன்ற நடுநிலையான செயல் ஒன்று வந்தால் மாற்றம் எளிதாகிறது.

இப்போது உதவியைக் குறைப்பதற்கு வருகிறேன். கைகழுவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறப்பது, கையை நனைப்பது, சோப்புப் போடுவது, தேய்ப்பது, அலசுவது, குழாயை மூடுவது, துடைப்பது என்று ஏழு படிகள் வருகின்றன. முதல் ஆறு படிகளுக்குத் தேவையான உதவியைத் தந்து, ஏழாவதை மட்டும் குழந்தையிடம் விட்டுவிடுங்கள். அது உறுதியானபின் ஆறாவது படியையும் விடுங்கள். இவ்வாறு பின்னிருந்து முன்னோக்கிச் சென்றால், ஒவ்வொரு முறையும் வேலையை முடித்து வைப்பவர் குழந்தையே. முடித்த நிறைவும் அதற்கே கிடைக்கிறது. கைவைத்து உதவும்போது முன்னால் நிற்காமல் பின்னால் நில்லுங்கள். விரலிலிருந்து மணிக்கட்டுக்கும், மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும் உங்கள் தொடுகை விலகட்டும். பிறகு தொடாமல் அருகில் மட்டும் நில்லுங்கள். குழந்தை கையை இழுத்துக்கொண்டால் அதை வற்புறுத்திப் பிடிக்காதீர்கள். அந்த மறுப்பும் ஒரு செய்திதான்.

‘குழாயை மூடு, மூடு’ என்று வாயால் தரும் உதவி எளிமையானதாகத் தோன்றும். உண்மையில் விலக்குவதற்கு மிகவும் கடினமானது அதுதான். ஏனெனில் குழந்தை குழாயைப் பார்த்துச் செயல்படுவதை விட்டு உங்கள் குரலுக்காகக் காத்திருக்கப் பழகிவிடுகிறது. கற்பிக்கும் நேரத்தில் பேச்சைக் குறைத்துப் படத்தைச் சுட்டிக்காட்டுங்கள்.

எட்டுப் பேரையும் ஒரே நேரத்தில் ஒரே பாடத்தில் உட்கார வைக்க வேண்டிய தேவை இல்லை. காலை வட்டத்தைப் பத்து நிமிடத்திற்குள் முடித்துக்கொண்டு, வகுப்பை மூன்று இடங்களாகப் பிரியுங்கள். ஓரிடத்தில் நீங்கள் புதியதைக் கற்பிக்கிறீர்கள்; இன்னொன்றில் உதவியாளர் ஒருவர் அண்மையில் கற்றதைப் பயிற்றுவிக்கிறார்; மூன்றாவதில் குழந்தை தனியே தட்டு வேலை செய்கிறது, இரண்டாம் உதவியாளர் சற்றுத் தொலைவில் இருந்து பார்க்கிறார். இந்த மூன்றாம் இடத்தில் குழந்தைக்கு ஏற்கெனவே முழுமையாகத் தெரிந்த வேலையை மட்டுமே வையுங்கள். அங்கே அது பழகுவது தானே தொடங்கித் தானே முடிக்கும் திறனை. புதிய பாடத்தை அங்கே நுழைத்தால் உதவியாளரின் கை மறுபடியும் உள்ளே வந்துவிடும்.

மறுமொழி 2: பேச்சு மொழிப் பயிற்சியாளர்

மேலே ஐயா எழுதியவற்றை முழுமையாக ஏற்கிறேன். பேசாத நால்வரைப் பற்றி மட்டும் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் காலை வட்டத்தில் இவர்கள் மற்றவர்களின் குரலைக் கேட்டுக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருப்பதை நான் பல வகுப்புகளில் பார்க்கிறேன்.

தொடர்பாடலுக்கென்று தனியாக அரை மணி நேரம் ஒதுக்குவதைவிட, நாள் முழுவதும் அதற்கான வாய்ப்பை விதைப்பது மேலானது. ‘இன்னும்’, ‘போதும்’, ‘வேண்டாம்’, ‘உதவி’, ‘நான்’, ‘போகலாம்’ போன்ற சொற்கள் எந்தச் செயலிலும் பயன்படும். இவற்றைப் படங்களாகக் கொண்ட பலகை ஒன்று ஒவ்வொரு மேசையிலும், உணவிடத்திலும், விளையாட்டிடத்திலும் இருக்கட்டும். குழந்தை அதைத் தொட வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு முன், நீங்களே பேசும்போது அந்தப் படங்களைத் தொட்டுத் தொட்டுப் பேசுங்கள். பேசும் குழந்தை பேசத் தொடங்குமுன் மாதக்கணக்கில் பிறர் பேச்சைக் கேட்கிறது. படங்களால் பேசப்போகும் குழந்தைக்கும் அதேபோல் பிறர் படங்களால் பேசுவதைப் பார்க்கும் காலம் வேண்டும்.

தானாக எதையும் கேட்காத குழந்தைக்கு, ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் 1985இல் உருவாக்கிய படப் பரிமாற்ற முறை நல்ல தொடக்கம். அதன் ஆறு கட்டங்களில் முதலாவதில் பெரியவர்கள் இருவர் தேவை. ஒருவர் விரும்பிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே இருக்கிறார்; மற்றவர் குழந்தையின் பின்னால் இருந்து, அது கையை நீட்டும் கணத்தில் படத்தை எடுத்து எதிரே உள்ளவரிடம் கொடுக்க உதவுகிறார். ‘என்ன வேண்டும்?’ என்று யாரும் கேட்பதில்லை. தொடங்குபவர் குழந்தையாகவே இருக்க வேண்டும் என்பதே அந்தக் கட்டத்தின் நோக்கம். கேள்வியால் தொடங்கினால், கேள்வி வரும்வரை குழந்தை காத்திருக்கும்.

மேலும் ஒன்று, காத்திருங்கள். சாதாரண வகுப்புகளில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று நொடியாக நீட்டினாலே மாணவர்களின் விடைகள் நீண்டு மேம்படுகின்றன என்பதையும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே எடுத்துக்காட்டினார். நம் குழந்தைகளுக்கு அதைவிட நீண்ட நேரம் தேவைப்படும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை, விடை தெரிந்தபின்னும் கையை நகர்த்தவே பல நொடிகள் எடுத்துக்கொள்ளும். மனத்திற்குள் பத்துவரை எண்ணிவிட்டு, அதன்பின் உதவுங்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள இருவரின் செவித்திறன் அண்மையில் பரிசோதிக்கப்பட்டதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இவர்களிடையே கேட்புக் குறைவு மிகப் பரவலாகக் காணப்படுகிறது. கேட்டதை நினைவில் நிறுத்துவதைவிடப் பார்த்ததை நினைவில் நிறுத்துவது இவர்களில் பலருக்கு எளிது என்பதால், முழுச் சொல்லை அட்டையில் காட்டிப் படிக்கப் பழக்குவது நல்ல பயன் தரும்.

மறுமொழி 3: ஒரு தாய்

என் மகளுக்கு மூளை முடக்குவாதம் இருக்கிறது. நான் ஆசிரியை அல்ல. ஆனாலும் பெற்றோர் தரப்பிலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, இருக்கை. என் மகளின் பாதம் தரையிலோ கால்பலகையிலோ முழுமையாகப் படியாவிட்டால், விழாமல் இருப்பதிலேயே அவளுடைய முழு முயற்சியும் செலவாகிறது, கைக்கு மிச்சம் எதுவும் இருப்பதில்லை. இடுப்பு நன்கு பின்தள்ளி, முழங்கையை மேசை தாங்கும்படி அமைத்தபின் அதே குழந்தை அதே பொருளை எடுத்து வைக்கிறாள். எந்தப் பாடத்தையும் தொடங்குமுன் இதைப் பாருங்கள் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன்.

இரண்டாவது, வாழ்க்கைத் திறன்களுக்கு முதலிடம் தருவதை ஏற்கிறேன், ஆனால் அதன் பெயரால் எழுத்தையும் கதையையும் கைவிட்டுவிடாதீர்கள். இக்குழந்தைகளுக்குப் படிப்பு எதற்கு என்று சொல்லும் பெரியவர்களைச் சந்தித்துச் சந்தித்துக் களைத்துப்போன பெற்றோர் நாங்கள். பேச முடியாத குழந்தைக்கு எழுத்தின் தேவை மற்றவர்களைவிட அதிகம்; பலகையில் படமாக இல்லாத ஒன்றை அது சொல்ல விரும்பினால் எழுத்தைத் தவிர வேறு வழி இல்லை. நாள்தோறும் ஒரு கதையைப் படித்துக் காட்டுங்கள். வயதுக்கேற்ற கதையாக இருக்கட்டும். ஒன்பது வயதுக் குழந்தைக்கு இரண்டு வயதுக் குழந்தையின் புத்தகத்தைக் கொடுப்பது அதற்கும் தெரிகிறது.

மூன்றாவது, வீட்டுக்கு அனுப்பும் குறிப்பேடு. ‘இன்று நன்றாக இருந்தாள்’ என்ற வரியால் எனக்கு எந்தப் பயனும் இல்லை. ‘இன்று மேல்சட்டையின் கடைசிப் பொத்தானைத் தானே போட்டாள், மேலே உள்ளவற்றை நாங்கள் போட்டோம்’ என்று எழுதினால், மறுநாள் காலையில் வீட்டிலும் அந்தக் கடைசிப் பொத்தானை அவளுக்காக விட்டுவைப்பேன். வகுப்பில் செய்வதை வீட்டில் செய்யாத குழந்தைகள் பலர் இருக்கிறார்கள். இடமும் ஆளும் மாறினால் அவர்களுக்கு அது வேறொரு வேலையாகிவிடுகிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குறிப்பேட்டைப் பற்றிய வரிகளைப் படித்தவுடனேயே அதன் வடிவத்தை மாற்றத் தொடங்கிவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. எண் பாடத்தில் ஒருவன் இருபதுவரை கூட்டுகிறான், இன்னொருத்திக்கு ‘ஒன்று’, ‘பல’ என்ற வேறுபாடே இன்னும் தெரியவில்லை. இவர்களை ஒரே குழுவில் வைத்துக் கற்பிக்க முடியுமா? அடுத்து, கற்பித்துக்கொண்டே முன்னேற்றத்தைப் பதிவு செய்வது எப்படி?

மறுமொழி 4: தொடக்கநிலைச் சிறப்பாசிரியர்

முடியும் அம்மா. பொருள் ஒன்றாகவும் எதிர்பார்ப்பு வெவ்வேறாகவும் இருக்க வேண்டும். குழுவில் ஒரு கூடை நிறைய மரக்கட்டைகளை வையுங்கள். ஒருத்தி ‘ஒன்று கொடு’ என்றால் ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுக்கிறாள். இன்னொருவன் ஐந்து கட்டங்கள் வரைந்த அட்டையில் கட்டத்திற்கு ஒன்றாக வைக்கிறான். இருபதுவரை கூட்டத் தெரிந்தவன் கூடையிலிருந்து இரு கை நிறைய அள்ளி, ஒவ்வொரு கையிலும் எத்தனை, மொத்தம் எத்தனை என்று எழுதுகிறான். கையாளும் பொருள், பிறகு படம், பிறகு குறியீடு என்ற வரிசையை உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் விளக்கினார். இக்குழந்தைகளில் பலர் முதல் நிலையில் நீண்டகாலம் தங்க வேண்டியிருக்கும். அங்கிருந்து அவசரமாக எண்ணுருவுக்கு இழுத்தால், ‘5’ என்று எழுதத் தெரிந்தும் ஐந்து கட்டைகளை எடுக்கத் தெரியாத நிலை வரும். அந்தக் கட்டைகளோடு நின்றுவிடாமல், உணவு நேரத்தில் தட்டுகளையும் தாள் விநியோகத்தில் தாள்களையும் எண்ண வையுங்கள்.

பதிவைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் எழுத முயன்றால் எதுவும் எழுதப்படாது. ஒரு குழந்தைக்கு மூன்று இலக்குகள் போதும். அவையும் அந்தக் குழந்தைக்கென்றே வகுத்த தனிநபர் கல்வித் திட்டத்திலிருந்து எடுத்தவையாக இருக்கட்டும். சரி, தவறு என்று குறிக்காமல் எவ்வளவு உதவியுடன் செய்தது என்பதைக் குறியுங்கள்: தானே செய்தால் ‘தா’, சுட்டிக்காட்டியபின் செய்தால் ‘சு’, செய்து காட்டியபின் என்றால் ‘கா’, கைபிடித்துச் செய்தால் ‘கை’. பாடம் தொடங்கியவுடன், கற்பிப்பதற்கு முன்னால் வரும் முதல் முயற்சியை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நேற்றுக் கற்றதில் எது தங்கியிருக்கிறது என்பதை அந்த ஒரு குறியே காட்டும், அதை எழுத ஒரு நொடிதான் ஆகும். தொடர்ந்து இரண்டு வாரம் ‘கை’ என்றே வந்தால் குழந்தையைக் குறை சொல்லாமல் அந்தப் படியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள், அல்லது அந்தச் செயல் அதற்கு விருப்பமானதுதானா என்று யோசியுங்கள்.

உதவியாளர்கள் இருவருக்கும் இந்தக் குறிகளைச் சொல்லிக்கொடுத்து, வாரத்தில் ஒருநாள் மூவரும் சேர்ந்து பார்க்கும் நேரத்தை அட்டவணையிலேயே ஒதுக்கிவிடுங்கள். ஒரே குழந்தைக்கு நீங்கள் சுட்டிக்காட்டுவதோடு நிற்கிறீர்கள், உதவியாளர் கைபிடிக்கிறார் என்பது அந்தத் தாளில்தான் முதலில் தெரியவரும்.