கால் பங்கு குத்தகை: நியாயமா, பறிப்பா? (ஓர் இணைய விவாதம்)

பட்டாதார்: நிலம் வைத்திருப்பது பிறவி உரிமை. கால் பங்குக்கு மேல் குத்தகை கேட்கக்கூடாது என்று சட்டம் போட்டது பட்டப்பகல் கொள்ளை.

வாய்க்கால்மேடு: எதில் கால் என்று முதலில் படித்துவிட்டு வாருங்கள். தமிழ்நாட்டின் 1956 நியாயக் குத்தகைச் சட்டம் இப்போது சொல்வது மொத்தக் கண்டுமுதலில் (விளைச்சலில்) 25 சதவீதம். செலவு போக மிஞ்சியதில் அல்ல. ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 32 கண்டால் 8 உங்களுக்கு. விதை, உழவு, நடவு, உரம், அறுப்பு எல்லாம் சாகுபடி செய்கிறவன் தலையில். இதில் கொள்ளை போனது யாருக்கு?

பட்டாதார்: அந்த 8 ஒழுங்காக வந்தால்தானே? பாக்கிக்காக வருவாய் நீதிமன்றம் போனால், கட்டுவதற்குத் தவணை கொடுக்கிறார்கள். கட்டிவிட்டால் வெளியேற்ற முடியாது. ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக் சொன்ன சொத்துரிமை இதுவா?

வாய்க்கால்மேடு: உழைப்பைக் கலந்தவனுக்கே சொத்து என்றவர் லாக். உங்கள் வயலில் உழைப்பைக் கலந்தது யார்?

நடுவரப்பு: தன் வேலைக்காரன் வெட்டிய புல்தரையும் தன்னுடையதே என்று எழுதியவரும் அவர்தான். பண்ணையாளின் வியர்வையை ஆண்டை கணக்கில் ஏற்றும் வாசகம் அது.

வாய்க்கால்மேடு: குத்தகைதாரர் கூலியாள் அல்ல, நட்டத்தையும் அவரே சுமக்கிறார். எதில் கால்? பதில் வரவில்லை.

பட்டாதார்: கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம்தானே? 60 கிலோ எங்கிருந்து வந்தது?

வாய்க்கால்மேடு: 1920 கிலோவை 40 ஆல் வகுங்கள், 48 சிப்பம். அதில் கால் 12. நெல் அதேதான். அந்த நிலையத்தில் நெல் போட அடங்கல் (எந்த வயலில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கு) வேண்டும். குத்தகைதாரர் பெயரை அடங்கலில் ஏற்ற விடமாட்டீர்கள். அவர் வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். பயிர்க் காப்பீட்டுக்கும் அதே அடங்கல். 1969 குத்தகைப் பதிவுச் சட்டம் இருந்து என்ன பயன்?

பட்டாதார்: பெயர் ஏறினால் பிள்ளை காலம் வரை நிலம் திரும்பாது.

நடுவரப்பு: 1978இல் அரசியலமைப்பின் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்தே எடுத்துவிட்டது. இப்போது 300ஏ பிரிவில் அரசியலமைப்பு உரிமை மட்டும்.

பட்டாதார்: திருத்தம் போட்டால் பிறவி உரிமை போய்விடுமா? கோயில் நில விவாதத்திலும் இப்படித்தான் குறுக்கே வந்தீர்கள்.

நடுவரப்பு: அங்கே ஒரு மா நிலம் 40 சென்ட் என்று எழுதியது நீங்கள். 33 சென்ட் ஐயா, 33!

வாய்க்கால்மேடு: மாவும் சென்டும் கிடக்கட்டும். மொத்தக் கண்டுமுதலா, செலவு போகவா? அதை எழுதுங்கள்.

பட்டாதார்: எழுதியாகிவிட்டது. மேலே போய்ப் பாருங்கள்.

வாய்க்கால்மேடு: மேலே இல்லை.