‘ரோப் ஆக்சஸ் டெக்னீசியன்’: தமிழில் என்ன பெயர்?

காங்கேயத்திலிருந்து:

மடற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமைக்குள் ஒரு பாதுகாப்புத் தாள் அச்சுக்குப் போக வேண்டும். அதில் ‘ரோப் ஆக்சஸ் டெக்னீசியன்’, அதாவது கயிற்றில் தொங்கி உயரத்தில் வேலை செய்யும் எங்களுக்கு, ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும். உடுமலைப் பக்கம் காற்றாலை இறகுகளைச் சோதிக்கும் வேலை. ஆடிக்காற்று அடங்கிவிட்டது, இனிமேல்தான் எங்களுக்குப் பருவம். ஓர் இறகைத் தரை நோக்கி நிறுத்தி, 80 மீட்டர் உயரத்திலிருந்து கயிற்றில் இறங்குவோம். முன்விளிம்பு அரித்திருக்கிறதா என்று பார்ப்போம். தட்டிக்கொண்டே வந்து, ஓசை மாறும் இடத்தில் உள்ளடுக்கு பிரிந்திருக்கலாம் என்று குறிப்போம். மற்ற மாதங்களில் புகைபோக்கிகளும் சிமெண்ட் ஆலைக் கலன்களும். மீயொலிக் கருவியால் தகட்டின் தடிமனை அளப்போம்.

இந்தத் தாள் எங்களுக்காக அன்று, உடன் நிற்கும் உதவியாட்களுக்காக. போன ஆண்டு ஓர் ஆலையில் நான் தொங்கிக்கொண்டிருந்தபோது, மேலே நின்றவர் என் இரண்டாவது கயிறு தளர்ந்து கிடப்பதைப் பார்த்தார். சும்மா கிடக்கும் கயிறு என்று எண்ணி, வாளி இறக்குவதற்காக அதன் முடிச்சை அவிழ்க்கப் போனார். பக்கத்தில் இருந்தவர் கத்தியதால் கையை எடுத்தார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு கயிறு உடலைத் தாங்கும். மற்றொன்று வேறு பிடிமானத்தில் தனியாகக் கட்டப்பட்டு, எடை ஏறாமல் கூடவே வரும். முதலாவது போனால் அதுதான் உயிர். ஆளுக்கும் அந்தக் கயிற்றுக்கும் நல்ல பெயர் தாருங்கள்.

ஈரோட்டிலிருந்து:

ஆக்சஸ் என்பதற்கு ‘அணுகல்’ நிலைத்துவிட்டது. ஆகவே ‘கயிற்றணுகல் தொழில்நுட்பர்’. இதில் பேச என்ன இருக்கிறது?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

நிறைய இருக்கிறது. கயிற்றணுகல் என்றால் கயிற்றை அணுகுதல் என்றே முதலில் பொருள்படும். ‘கயிற்றின் வழியாக அணுகுதல்’ என்று, உருபும் பயனும் உடன்தொக்க தொகையாக விரித்துக் கொள்ளலாம் என்பீர்கள். அவ்வளவு தூரம் யார் விரிப்பார்கள்? நம்மிடம் பழஞ்சொல் இருக்கிறது: மால்பு. மலைபடுகடாத்தில் குரங்கும் ஏற இயலாத நெடுவரையில் தேன் எடுக்க வழியாக அமைந்தது மால்பு. குறுந்தொகையில் ‘முதுமால்பு’ வருகிறது. பழைய மால்பை அறியாமல் ஏறிய மடவோன் ஒருவனை அங்கே உவமையாக்குகிறார்கள். கருவியைச் சோதிக்காமல் ஏறாதே என்று இன்று நீங்கள் தாளில் அச்சிடுவதும் இதைத்தானே? ‘மால்’ என்பது உயர்ச்சி. மாலை என்பதும் தொங்குவது. இரண்டும் ஒரே வேர் என்பது என் துணிபு. எனவே ‘மால்பர்’.

பொள்ளாச்சியிலிருந்து:

ஐயா, தொழிற்பயிற்சி நிலையத்தில் வகுப்பு எடுப்பவள் நான். மால்பர் என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் ஏதோ ஊர்ப்பெயர் என்று நினைப்பார்கள். மேலும் மால்பு என்பது மூங்கில் கணுவில் கால்வைத்து ஏறும் கண்ணேணி, கயிறு அன்று. ‘கயிற்றுவழிப் பணியாளர்’ என்று வைப்போம். கேட்டவுடன் விளங்கும், ஏறினாலும் இறங்கினாலும் பொருந்தும்.

ஈரோட்டிலிருந்து:

பணியாளர் என்றால் தகுதி தெரியாதே, அம்மா. ‘இராட்டா’ (IRATA) என்ற பன்னாட்டுக் கயிற்றுத் தொழிற்சங்கத்தின் தகுதி முறையில் முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குப் போக ஓராண்டும் 1000 மணி நேரக் கயிற்று வேலையும் வேண்டும். ‘வினைஞர்’ என்றாவது வையுங்கள். இன்னொன்று: ‘கயிறுவழி’ என்று யாரோ தனிமடலில் எழுதியிருந்தார். வேற்றுமைப் புணர்ச்சியில் உயிர்த்தொடர்க் குற்றியலுகரத்தின் றகரம் இரட்டிக்கும் என்பது நன்னூல். கயிற்றுவழிதான்.

சென்னிமலையிலிருந்து:

தம்பி, கவலை ஓட்டிய, அதாவது மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைத்த, தோட்டத்தில் பிறந்தவன் நான். அதிலும் இரண்டு கயிறுதான். நீர் அள்ளும் பாத்திரமான சாலைப் பிடித்து இழுப்பது வடம். சாலின் அடியில் உள்ள தோல்குழாயான தும்பியின் வாயைப் பிடித்திருப்பது வால்கயிறு. உங்கள் முதல் கயிறு வடம், இரண்டாவது வால்கயிறு. கொங்கு நாட்டில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

காங்கேயத்திலிருந்து:

ஐயா, படித்ததும் எங்கள் அப்பாரின் கிணற்று மேடு கண்ணில் வந்தது. ஆனால் வால்கயிறு ஒவ்வோர் இறைப்பிலும் வேலை செய்கிறது. எங்கள் இரண்டாவது கயிறு ஒரு நாளும் எடை தாங்காமல் இருந்தால்தான் நல்லது. மேலும் ‘வால்’ என்றால் சிறியது, விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரும். அந்த எண்ணத்தால்தான் என் முடிச்சு அவிழப் பார்த்தது. ‘காப்புக் கயிறு’ என்று எழுதட்டுமா?

பொள்ளாச்சியிலிருந்து:

வேண்டாம். மாரியம்மன் நோம்பிக்குக் கையில் கட்டுவதுதான் இங்கே காப்புக் கயிறு. பூளைப்பூ, ஆவாரம்பூ வைத்துப் பொங்கலுக்குக் கட்டுவதும் காப்புதான். ‘காவல் கயிறு’ என்று எழுதுங்கள். காவலில் இருப்பதை யாரும் சும்மா கிடப்பதாக நினைக்கமாட்டார்கள்.

சென்னிமலையிலிருந்து:

காவல் கயிறு நன்று. வடத்தையாவது விட்டுவிடாதீர்கள்.

ஈரோட்டிலிருந்து:

வடம் என்றால் தேர் இழுக்கும் பருமன் நினைவுக்கு வரும். இதுவோ 11 மில்லிமீட்டர். ‘பணிக்கயிறு’ போதும்.

காங்கேயத்திலிருந்து:

இரவு பதினொன்றாகிறது; தாளை அனுப்புகிறேன். பணிக்கயிறு, காவல் கயிறு: இரண்டுக்கும் எதிர்ப்பு குறைவு. ஆளுக்குக் ‘கயிற்றுவழிப் பணியாளர்’. மூவர் சரி என்றார்கள், இருவர் இல்லை என்றார்கள். முதல் வரி இப்படி: ‘கயிற்றுவழிப் பணியாளர் கீழே இருக்கும்வரை காவல் கயிற்றின் முடிச்சை அவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது.’

பொள்ளாச்சியிலிருந்து:

‘அவரைத் தவிர’ என்பதை எடுத்துவிடுங்கள். கீழே தொங்குபவர் மேலே வந்து எப்படித் தொடுவார்?

காங்கேயத்திலிருந்து:

எடுத்துவிட்டேன். நன்றி, அக்கா.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். தாள் அவசரத்துக்கு இது போதலாம்; அகராதிக்கு மால்பர்தான். ஏணிக்கும் கயிற்றுக்கும் பொதுவாக அச்சொல் ஆளப்பட்டதா என்று உரைகளைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை விரிவாக எழுதுகிறேன்.